உம் கொட்டுவது இனி நம் வேலை: சின்னப் பிள்ளைகளைக் கதை சொல்ல வைக்க ஒரு மஞ்சப்பை

நான்கு வயதுக் குழந்தையை நடுவீட்டில் நிறுத்தி, "எங்கே, மாமாவுக்கு ஒரு கதை சொல்லு" என்றால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். சட்டை நுனியைப் பிடித்துத் திருகும், அம்மாவின் முந்தானைக்குள் போய் ஒளியும், மிஞ்சிப்போனால் "ஒரு ஊர்ல ஒரு பாட்டி" என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடும். அதே குழந்தை அரைமணி நேரம் கழித்து ஒரு மூலையில் உட்கார்ந்து, இரண்டு செப்புச் சாமானையும் ஒரு பேனா மூடியையும் வைத்துக்கொண்டு, "நீ வரக்கூடாது, போ, உனக்குக் காய்ச்சல்" என்று மூடியை அதட்டிக்கொண்டிருக்கும். அதுவும் கதைதான். நல்ல கதை.

ஆக, குழந்தையிடம் கதை இருக்கிறது, அது நழுவாமல் இருக்க ஒரு பிடிதான் வேண்டும். அடுத்து என்ன சொல்லப்போகிறோம் என்பதை மனதில் வைத்துக்கொண்டே இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்வது நமக்குப் பழகிப்போன வேலை. மூன்று, நான்கு வயதில் அது பெரிய சுமை. யார் வந்தார்கள், எங்கே நிற்கிறார்கள், அடுத்தது என்ன, அதற்குச் சொல் என்ன, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தலையில் வைத்திருக்க வேண்டும். கையில் ஒரு காக்கா இருந்தால் காக்காவைத் தலையில் சுமக்க வேண்டியதில்லை, சொல்லைத் தேட இடம் கிடைக்கிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது: சுற்றியிருப்பவர்களின் பார்வை குழந்தையின் முகத்தைவிட்டு அந்தக் காக்காமேல் போய்விடும். கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று நேரில் பார்த்தால்தான் புரியும்.

சில ஆண்டுகள் மழலையர் வகுப்பு எடுத்திருக்கிறேன், இப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை வைத்துக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் கதை நேரம் நடத்துகிறேன். புதிதாக ஆரம்பிக்கும் அம்மா அப்பாக்களும் அங்கன்வாடிக்கு வரும் புது டீச்சர்களும் கேட்பதை வைத்தே இதை எழுதுகிறேன். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையான பிள்ளைகளுக்கு இது பொருந்தும்.

முதலில் பை

கடைக்குப் போகாதீர்கள். வீட்டில் இருக்கும் மஞ்சப்பை ஒன்றை எடுத்து, அதில் ஐந்தே ஐந்து பொருள் போடுங்கள். பத்து, பதினைந்து என்று போட்டால் குழந்தை கதையை விட்டுவிட்டுப் பொருள்களை அடுக்க ஆரம்பித்துவிடும், அதை நம்மால் நிறுத்தவும் முடியாது, நிறுத்தவும் கூடாது.

எந்த ஐந்து? ஒரு ஆள் (மரப்பாச்சி, துணிப் பொம்மை, ஒரு கரண்டியில் கண் வரைந்தாலும் போதும்), ஒரு விலங்கு அல்லது பறவை, ஒரு இடம், ஒரு தின்பண்டம் அல்லது எல்லோரும் ஆசைப்படும் ஏதோ ஒன்று, அப்புறம் என்னவென்று சொல்ல முடியாத ஒரு பொருள். இடம் என்றால் துணிதான் எளிது. பழைய நீலப் புடவைத் துண்டு விரித்தால் குளம், பச்சைத் துண்டு விரித்தால் வயல், சுருட்டி வைத்தால் மலை. ஐந்தாவது பொருளை மட்டும் யோசித்து எடுங்கள். தேங்காய்ச் சிரட்டை நான் பார்த்தவற்றிலேயே சிறந்தது. அது ஒருநாள் படகு, ஒருநாள் தொப்பி, ஒருநாள் ஆமையின் முதுகு, ஒருநாள் அரக்கனின் குகை. பிளாஸ்டிக் பொம்மைக் கார் எப்போதும் காராகவே இருக்கும். இது இன்னதுதான் என்று பொருளே அடித்துச் சொல்லிவிட்டால் குழந்தை சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

தொடுவதற்கு ஒன்றுக்கொன்று வேறாக இருக்கட்டும். சொரசொரப்பான தேங்காய் நார், வழவழப்பான கூழாங்கல், மெத்தென்ற பஞ்சு, குளிர்ந்த பித்தளைக் கிண்ணம் என்று. பைக்குள் கையை விட்டுத் துழாவும்போதே பிள்ளைகள் பேச ஆரம்பிப்பார்கள், "ஐயோ குத்துது", "இது தூங்குது" என்று. கதைக்கு வேண்டிய சொற்கள் அங்கேயே கிடைக்கத் தொடங்கிவிடும்.

பாதுகாப்பு பற்றி ஒரு விஷயம், இதைத் தாண்டிப் போகாதீர்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை அந்த இடத்தில் இருந்தால், அது அண்ணன் பின்னால் தவழ்ந்து வரும் தம்பியாக இருந்தாலும், சின்னப் பொருள் எதுவும் பையில் வேண்டாம். பொம்மைகளைச் சோதிக்கும் குழாயின் வாய் ஏறக்குறைய 3.2 சென்டிமீட்டர் அகலம், அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் தொண்டையில் சிக்கலாம். நான் 4 சென்டிமீட்டருக்குச் சின்னதாக எதையும் வைப்பதில்லை. புளியங்கொட்டை, பட்டாணி, பாசிமணி எல்லாம் மூக்குக்குள் போகும். குன்றிமணி பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டவே வேண்டாம், அது விஷ விதை. ஆமணக்கு விதையும் அப்படித்தான். பட்டன் பேட்டரி போட்ட பொம்மையும் கூடாது.

நாம் ஒருமுறை சொல்லிக் காட்டுவது

பையைக் கொடுத்தவுடனே குழந்தை சொல்லிவிடாது. முதல் இரண்டு மூன்று நாள் நாம்தான் சொல்ல வேண்டும், அதுவும் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்த கதையை. பாட்டி வடை சுட்ட கதை இதற்கென்றே செய்ததுபோல இருக்கும்: ஒரு பாட்டி, ஒரு காக்கா, ஒரு நரி, ஒரு மரம், ஒரு வடை. களிமண்ணை உருட்டித் தட்டி நடுவில் விரலால் ஓட்டை போட்டால் வடை தயார், அதையும் பிள்ளைகளையே செய்ய விடுங்கள். தான் செய்த வடையைக் காக்கா தூக்கிக்கொண்டு போகும்போது குழந்தைக்கு வரும் கோபம் உண்மையானது.

சொல்லும்போது பெயர் வரும் நேரத்தில் மட்டும் அந்தப் பொருளைப் பையிலிருந்து எடுங்கள். எல்லாவற்றையும் முதலிலேயே பரப்பி வைக்காதீர்கள். காக்கா பறந்தால் கையும் பறக்கட்டும், மரத்தில் உட்கார்ந்தால் கையும் நிற்கட்டும். பொருள் இடத்தைவிட்டு நகர்ந்தால் கதை நகர்கிறது என்பதைக் குழந்தை இப்படித்தான் பிடித்துக்கொள்கிறது. கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரியுது?" என்று கேட்காதீர்கள். கேட்டால் அடுத்தமுறை கதை என்றாலே தேர்வு என்று நினைத்துக்கொள்ளும்.

பையைக் கைமாற்றுவது

இதுதான் உண்மையான வேலை. இதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள், நானும் பல மாதம் தவறினேன். பையைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு, அது வாயைத் திறப்பதற்குள் "இது யாரு? காக்கா என்ன கலர்? காக்கா எங்க போச்சு? மரத்துக்குப் போச்சா?" என்று நாமே கேட்டு நாமே பதிலும் சொல்லிவிடுவோம். குழந்தை தலையை மட்டும் ஆட்டும். அதற்குப் பெயர் கதை சொல்வது இல்லை.

நம் ஊரில் கதை கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பாட்டி கதை சொன்னால் பேரப்பிள்ளை "உம்" கொட்ட வேண்டும். உம் நின்றால் பாட்டியும் நிறுத்திவிடுவாள், தூங்கிட்டியா என்று கேட்பாள். கேட்பவர் இருக்கிறார் என்பதற்கு அந்த உம்தான் அடையாளம். இப்போது ஆள் மாறுகிறது, அவ்வளவே. குழந்தை சொல்லும், நாம் உம் கொட்டுவோம். நாம் சொல்லக்கூடியவை மூன்றே மூன்று: "உம்", "அப்புறம்?", "அய்யய்யோ!" இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு முழுக் கதையையும் கேட்டுவிடலாம், நம்பிக்கையாகச் சொல்கிறேன்.

குழந்தை நின்றுவிட்டால் மனதுக்குள் மெதுவாகப் பத்து எண்ணுங்கள். பத்து என்பது ரொம்ப நீளமாகத் தெரியும், ஐந்திலேயே வாய் துறுதுறுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பத்துக்குப் பிறகும் ஒன்றும் வரவில்லை என்றால் கேள்வி கேட்காமல் பையில் மிச்சம் இருக்கும் ஒரு பொருளை எடுத்து அதன் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலும் அது போதும்.

ஒரு பெண் குழந்தை, வகுப்பில் ஏழு வாரம் ஒரு சொல்கூடப் பேசாதவள். பையிலிருந்து சிரட்டையை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள், அதற்குள் மரப்பாச்சியைத் தள்ளினாள், என்னை நிமிர்ந்து பார்க்காமலேயே "அம்மா உள்ள இருக்காங்க, வரமாட்டாங்க" என்றாள். நான் "உம்" என்றேன். வெகுநேரம் கழித்து "வேலைக்குப் போயிருக்காங்க" என்றாள். சிரட்டையைத் தூக்கி, "வந்துட்டாங்க." நான் பார்த்ததிலேயே ஒழுங்கான ஆரம்பமும் சிக்கலும் முடிவும் உள்ள கதை அது, மூன்று வாக்கியத்தில். நடுவில் நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அம்மா வெளியே வந்திருக்க மாட்டாள்.

எந்த வயதில் எதை எதிர்பார்ப்பது என்று கேட்பார்கள். பிள்ளைக்குப் பிள்ளை மாறும், ஆனால் போகும் பாதை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் "இது காக்கா, இது வடை, இது நான்" என்று பெயர்களாக வரும். அப்புறம் "அப்புறம், அப்புறம், அப்புறம்" என்று நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக, தொடர்பு இருந்தும் இல்லாமலும் வரும். பிறகு ஒருநாள் "அதனால" என்ற சொல் வரும். நரி அழுதுச்சு, அதனால காக்கா வடையைக் கொடுத்துச்சு. அந்த "அதனால"வைக் கேட்டால் அன்றைய தேதியைக் குறித்து வையுங்கள், பெரிய படி அது. ஆனால் பெயர்கள் மட்டுமே சொல்லும் மூன்று வயதுப் பிள்ளையை "ஏன், ஏன்" என்று கேட்டு அங்கே இழுக்க முடியாது.

கதையில் நரி வடை சுடட்டும், காக்கா பாட்டியைத் திருடிக்கொண்டு போகட்டும். திருத்தாதீர்கள். வீட்டில் இரண்டு மொழி பேசும் பிள்ளை பாதித் தமிழிலும் பாதி வேறு மொழியிலும் சொன்னால் அதையும் திருத்தாதீர்கள். அடுத்தமுறை நாம் கதை சொல்லும்போது அந்தத் தமிழ்ச் சொல்லை இரண்டு தரம் கூடுதலாகச் சொன்னால் போதும், அது எடுத்துக்கொள்ளும்.

கயிறு: எது முன்னே, எது பின்னே

பை பழகிய பிறகு, இரண்டு மூன்று வாரம் கழித்து, கயிறுக்கு வாருங்கள். கைக்கு இதமான பருத்திக் கயிறு ஒரு மீட்டர் எடுத்து, அரைச் சாண் இடைவெளியில் முடிச்சுப் போடுங்கள். ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு பொருளைக் கட்ட வேண்டும். குழந்தை கயிற்றைக் கையால் உருவிக்கொண்டே போய், எந்த முடிச்சு வருகிறதோ அதைச் சொல்லும்.

இதற்குத் தன் பெயரை மறந்துபோன ஈயின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், ஆனால் ஈ முதலில் கன்றைக் கேட்கும், கன்றிடமிருந்து தாய்ப்பசு, மேய்ப்பவன், அவன் கைக்கோல், மரம், கொக்கு, குளம் என்று போய்க்கொண்டே இருந்து கடைசியில் குதிரை கனைக்கும்போது தன் பெயர் தெரிந்துவிடும். ஒவ்வொன்றும் முந்தியதைப் பிடித்துக்கொண்டு வருவதால் சங்கிலி அறாது. முடிச்சுக்கு முடிச்சு ஒரு மணி, ஒரு குச்சி, ஒரு இலை, ஒரு வெள்ளை இறகு, ஒரு நீலத் துணித்துண்டு என்று கட்டிவிடலாம். முழுக் கதையையும் கட்டாதீர்கள், ஆறேழு முடிச்சு போதும். கயிறு நீளமாக இருந்தால் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. பக்கத்தில் ஒரு பெரியவர் இல்லாமல் கயிறைக் கொடுக்கவே கூடாது, வேலை முடிந்ததும் எடுத்து உயரத்தில் வைத்துவிடுங்கள்.

நன்றாகப் பழகியதும் இரண்டு முடிச்சுப் பொருளை இடம் மாற்றிக் கட்டிப் பாருங்கள். "இது தப்பு!" என்று முதலில் கத்துவார்கள். ஒன்றிரண்டு பேர் மாறிய வரிசைக்கு ஏற்ப கதையையே மாற்றுவார்கள். இரண்டும் நல்லதுதான்.

படம்

பொருளுக்கு அடுத்துதான் படம். படத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், படம் அசையாது, அதைப் பார்த்துக் குழந்தை "இது என்ன" என்பதற்குத்தான் பதில் சொல்லும், "என்ன ஆச்சு" என்பதற்கு அல்ல. அதனால் ஒற்றைப் படம் காட்டாதீர்கள், மூன்று படம் காட்டுங்கள். பானை முழுதாக இருக்கிறது, பானை உடைந்து கிடக்கிறது, பூனை கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. படங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் குழந்தைதான் நிரப்ப வேண்டும்.

அட்டைக்கு எங்கும் போக வேண்டாம், பழைய கல்யாணப் பத்திரிகைகள் நல்ல கனமாக இருக்கும், பின்பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி வரையலாம். நீங்கள் வரைவதைவிடக் குழந்தை வரைவது நல்லது. அதன் கிறுக்கலில் எது யானை என்று நமக்குத் தெரியாது, அதற்குத் தெரியும், நாளை கேட்டாலும் பெரும்பாலும் அதையே சொல்லும். கூழாங்கல்லில் படம் வரைவதாக இருந்தால் கல்லைக் கழுவி ஒருநாள் முழுக்க வெயிலில் காய வைத்து, அக்ரிலிக் வண்ணத்தில் வரையுங்கள். போஸ்டர் கலர் வியர்த்த கையிலேயே கரைந்துவிடும்.

ஐந்து வயதுக்குமேல் இருக்கும் பிள்ளைகளுக்கு ஜப்பானியரின் காமிஷிபாய் முறை அருமையாக வேலை செய்கிறது. 1930களில் அங்கே தெருத்தெருவாகச் சைக்கிளில் வந்து, மிட்டாய் விற்றுக்கொண்டே படம் காட்டிக் கதை சொன்னார்கள். ஒரு மரச்சட்டத்துக்குள் படங்கள் அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் உருவ அடுத்த படம் தெரியும். பிஸ்கட் டப்பா அட்டையை வெட்டி நாமே சட்டம் செய்யலாம். ஒரு நுணுக்கம்: முதல் படத்துக்கான வரிகளைக் கடைசிப் படத்தின் பின்பக்கம் எழுத வேண்டும். முதல் படத்தை உருவிக் கடைசியில் செருகும்போது அதன் பின்பக்கம் நம் கண்ணுக்கு வரும், அதில் இரண்டாம் படத்தின் வரிகள் இருக்கும், இப்படியே போகும். பிள்ளைகளுக்குப் பிடித்தது பாதி உருவி நிறுத்துவது. புலியின் வால் மட்டும் தெரிகிற மாதிரி நிறுத்திவிட்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்ப்பார்கள். எப்போது சொல்லாமல் நிறுத்துவது என்பதை அந்த ஒரு அசைவு கற்றுக்கொடுத்துவிடும்.

மின்சாரம் போன ராத்திரிகளில் நிழலும் உண்டு. வெள்ளை வேட்டியைக் கட்டிப் பின்னால் போன் டார்ச்சை வைத்து, அட்டையில் வெட்டிய உருவத்தைக் குச்சியில் ஒட்டி ஆட்டலாம். நம் தோல்பாவைக் கூத்தும் இதே வழிதான். உருவம் துணியை ஒட்டி இருந்தால் நிழல் கூர்மையாக இருக்கும், விளக்கை நோக்கிப் பின்னால் போகப்போகப் பெரிதாகி மங்கும். அரக்கன் வளர வேண்டிய இடத்தில் பிள்ளைகள் இதைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள், சொல்லிக்கொடுக்காதீர்கள். நவராத்திரி சமயமாக இருந்தால் வேறெதுவுமே வேண்டாம். கொலுப் படிக்குக் கீழே பார்க் கட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்து, செட்டியார் கடைக்கு யார் வந்தார் என்று மட்டும் கேளுங்கள்.

பார்வை இல்லாத குழந்தை இருந்தால்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தொட்டுப் பார்க்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டு, யானையின் ஓர உருவத்தை நூலால் ஒட்டிக் கொடுப்பார்கள். அது கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் யானை. யானையைப் பார்த்தே இராத விரலுக்கு அது வளைந்து போகும் ஒரு நூல் மட்டும். உப்புத்தாளின் சொரசொரப்பும், அதில் குத்தியிருக்கும் ஒன்றிரண்டு விறைப்பான மயிரும், முறம்போல அசையும் ஒரு காதும் அதைவிட யானைக்குப் பக்கத்தில் வரும். மழை என்றால் பஞ்சு மேகம் ஒட்டாதீர்கள், கையில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சந்தை என்றால் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் முகர்ந்து பார்க்கட்டும். பையும் கயிறும் அந்தக் குழந்தைக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் ஒன்றேதான், தனிப்பை வேண்டாம். பொருள்களை ஒரு தட்டிலோ முறத்திலோ வைத்துக்கொண்டால் உருண்டு தொலையாது, எது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும்.

சொன்னதை எழுதி வைப்பது

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். குழந்தை சொல்லும்போது அதன் சொல்லிலேயே எழுதுங்கள், "போனுச்சு" என்றால் போனுச்சு. முடிந்ததும் விரலை ஒவ்வொரு சொல்லாக நகர்த்திப் படித்துக் காட்டுங்கள். தன் வாயிலிருந்து வந்தது தாளில் நிற்கிறது, திரும்பவும் அப்படியே வருகிறது என்பதைக் கவனிக்கும் குழந்தையின் முகத்துக்காகவே இதைச் செய்யலாம். சிகாகோவில் மழலையர் ஆசிரியராக இருந்த விவியன் பேலி இதைப் பல ஆண்டுகள் செய்தார். குழந்தை சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, பிறகு வகுப்புப் பிள்ளைகளை வைத்து அதை நடிக்கவும் விடுவார். நான் இதை எடுத்துக்கொண்டதிலிருந்து கதைகள் நீளமாகியிருக்கின்றன, ஏனென்றால் நண்பனுக்கு ஒரு வேஷம் தர வேண்டும் என்பதற்காகவே ஒரு நாய்க்குட்டியையோ ஒரு போலீஸ்காரரையோ சேர்க்கிறார்கள்.

இருபது, இருபத்தைந்து பிள்ளைகளும் ஒரே ஒரு டீச்சரும் என்றால் எல்லோரும் ஒரே நாளில் சொல்ல முடியாது, முயலவும் வேண்டாம். ஒருநாளைக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டு, பெயரைச் சுவரில் எழுதிவிடுங்கள். தன் முறை வியாழக்கிழமை என்று தெரிந்த பிள்ளை திங்கட்கிழமையிலிருந்தே கதை யோசிக்கும். சொல்பவரைத் தவிர மற்றவர்கள் நம்மோடு சேர்ந்து உம் கொட்டட்டும்.

பொருளைக் குறைத்துக்கொண்டே வருவது

இரண்டு, மூன்று மாதம் ஆனபின் பையில் ஐந்துக்குப் பதில் மூன்று போடுங்கள். அப்புறம் ஒன்று. அந்த ஒன்று சிரட்டையாக இருக்கட்டும். சில பிள்ளைகள் இல்லாத பொருளுக்குத் தங்கள் கையையே காக்காவாக ஆக்கிக்கொள்வார்கள், சிலர் "காக்காவைக் கொடு" என்று அழுவார்கள். அழுதால் கொடுத்துவிடுங்கள், இன்னும் ஒரு மாதம் போகட்டும்.

பிறகு ஒருநாள் வெறும் பையைக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் மாடியில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் உள்ளே கைவிட்டுத் துழாவினான், ஒன்றும் இல்லை என்று தெரிந்தது, கொஞ்ச நேரம் கையை வெளியே எடுக்கவே இல்லை. அப்புறம் மூடிய கையை மெதுவாக வெளியே கொண்டுவந்து, பக்கத்தில் இருந்தவளிடம் "இது கடிக்கும், தள்ளி உக்காரு" என்றான். அவள் தள்ளி உட்கார்ந்தாள். நாங்கள் எல்லோரும் உம் கொட்டினோம்.